ஆரோக்கியமான எச்சில்

— மனுஷ மனசோட கடைசிக் கதவைத் திறந்துட்டேன் தங்கச்சி! இனிமே வரலாறே ரெண்டாப் பிரியும். எனக்கு முன்னாடி, எனக்குப் பின்னாடி.

— முதல்ல உன் ஆய்வுக்கூடத்துக் கதவைத் திற அண்ணா. இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு மாடியேறி வந்து வெளியிலயே நிக்கறேன்.

— அது இறுகிக்கும். கீழ ஒரு உதை விடு... ஆங். அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும். விஞ்ஞானப்பூர்வமா சொன்னா, மூளையில டோபமைன்னு ஒரு ரசாயனம். 'இதைக் கவனி, இது முக்கியம்'னு மணி அடிக்கறது அதோட வேலை. சிலருக்கு அது கண்டதுக்கெல்லாம் அடிச்சிடும். அப்போ ஃபேன் சத்தம்கூட நம்மளைப் பத்தியே பேசற மாதிரி இருக்கும்.

— அம்மாவுக்கு இருக்கற மாதிரி.

— அதேதான். விஞ்ஞானப்பூர்வமா சொன்னா, அந்த மணியை ஆட்டுற மரபணுக்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கொஞ்சம்...

— அது கெடக்கட்டும். குழாய் சொட்டினாக்கூட எங்க வீட்டுக்காரரை உலுக்கி, 'உங்களுக்கும் கேக்குதா'ன்னு கேக்கறேன். அவர் 'கேக்குது'ன்னு சொன்னாத்தான் எனக்கு உயிர் வருது. அம்மாவோடது எனக்கு இருக்கா? இந்தக் குழந்தைக்கும் போகுமா? அதைச் சொல்லு.

— இருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்லடி. வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

— மரபணு சோதனைக்கு அம்மா ஒழுங்கா எச்சில் துப்பினாளா?

— டியூபை வாங்கிட்டு, யாருமில்லாத மூலையைப் பாத்து 'துப்பட்டுமா?'ன்னு கேட்டா. அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் துப்பினா.

— ...அவங்க.

— சரி, முடிவைக் கேளு. ஆரோக்கியமான ஒருத்தரோட எச்சிலை வெச்சு உங்க ரெண்டு பேரையும் ஒப்பிட்டேன். நீ அதுலேருந்து நல்லாவே விலகியிருக்க.

— ஐயோ! அப்போ எனக்குத்தானா?

— பொறு, பொறு. அம்மா விலகவே இல்ல! அந்த டோபமைன் மரபணுக்கள்ல, அந்த ஆரோக்கியமான ஆளோட அச்சு அசலா ஒத்துப்போறா. அம்மா நார்மல்! இத்தனை நாள் எல்லாரும் எழுதினது மொத்தமும் தப்பு. உலகமே ஆடப்போகுது!

— அம்மா நார்மலா? அவ சுவரோட பேசறதை நாம ரெண்டு பேரும் போர்வைக்குள்ள ஒடுங்கிக் கேட்டுக்கிட்டு இருப்போமே, மறந்துட்டியா?

— அதனாலதாண்டி சொல்றேன், உலகமே...

— அண்ணா, அந்த ஆரோக்கியமான எச்சில் யாரோடது?

— விஞ்ஞானப்பூர்வமா சொன்னா, அது ஒரு ஒப்பீட்டு மாதிரி...

— உன்னைத்தான் கேக்கறேன். யாரோடது?

— வேற ஆள் கிடைக்கல. நானே துப்பினேன்.