சேற்றுக்கூடத்து மூத்தோர்

உங்கள் தேநீர் நன்றாக இருக்கிறது, தம்பி. பால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். எங்கள் இல்லத்தில் தேநீர் கிடையாது. அது இரத்தத்தில் திரை போட்டுவிடும் என்று எங்கள் குரு நிறுத்திவிட்டார், அவரை நாங்கள் அத்தா என்போம். தேநீர் இல்லாத கிர்கிஸ் வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெறும் சுடுதண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

நேற்று நீங்கள் சேற்றுக்கூடத்தைப் பார்க்கப் போனீர்களாம், வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டீர்களாம். வெட்கப்படாதீர்கள். எனக்கும் முதலில் குமட்டியது. மனிதர்கள் அடைந்து கிடக்கிற நாற்றம் வேறு எதோடும் சேராது. ஆட்டுக்கொட்டில் நாற்றத்திலாவது ஒரு பால்வாடை இருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த அழுக்கை உண்டாக்கியவள் நான் இல்லை. நான் கழுவினேன். என் வேலை அதுதான்.

ஏரியின் தென்கரையில் இருக்கிற அந்தக் கட்டடம் சோவியத் காலத்தில் சேற்று வைத்தியசாலை. முடக்குவாதக்காரர்கள் மாஸ்கோவிலிருந்தெல்லாம் வருவார்கள். சூடான கருஞ்சேற்றை முதுகிலும் முழங்காலிலும் பூசிப் போர்த்திவிடுவோம். நான் தாதி. நாசிபா அக்கா தலைமைத் தாதி. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான், தன் அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தவளும் அவள்தான். பிறகு எங்கள் அத்தா ஆன எமில்பெக் அங்கே மசாஜ் போடுகிற ஆள். எங்களைவிட இளையவன். அப்போது அவரை அவன் என்றுதான் சொல்வோம்.

பிறகு நாடு உடைந்தது. சம்பளமும் நின்றது, நோயாளிகளும் நின்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் எமில்பெக் ஆட்களின் தலையில் கை வைக்க ஆரம்பித்தார். ஏரியின் அடியிலிருந்து ஒரு குரல் தன்னிடம் பேசுவதாகச் சொன்னார். நாசிபா அக்கா சிரித்தாள். ஆனால் பல வருடமாக அவளைப் படுத்திய தலைவலி அவர் கை பட்டதும் போய்விட்டது. அதற்குப் பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

முதலில் சேர்ந்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். நாசிபா அக்கா, நான், கச்கின் வாத்தியார், ரைசா பெத்ரோவ்னா, மாட்டு வைத்தியர் ஷார்ஷென். வாத்தியார் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். அத்தா பேசியதையெல்லாம் புத்தகமாக்கியது அவர்தான். அத்தாவுக்கு இலக்கணம் வராது. ரைசா தன் வீட்டை விற்றுக் கூரை போட்டுக் கொடுத்தாள். ஷார்ஷென் தன் மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிறகு ஊர் ஊராக ஆட்கள் வந்து, கட்டடம் நிறைந்து, முற்றத்திலும் கூடாரம் போட வேண்டியதாயிற்று. எங்கள் ஐந்து பேரையும் மூத்தோர் என்பார்கள். சாப்பாட்டில் முதல் தட்டு அத்தாவுக்கு, அடுத்த ஐந்தும் எங்களுக்கு.

இத்தனை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது ஏன் கெட்டது என்று கேட்கிறீர்கள். ஒரு சிரிப்பால் கெட்டது.

அன்று முற்றத்தில் பனி இறுகிக் கிடந்தது. புதிதாகச் சேர்ந்த இளசுகள் வரிசையாக நின்றார்கள். அத்தா வெள்ளை அங்கியோடு படியிறங்கி வந்தவர் வழுக்கி, கால் இரண்டும் மேலே போக, சப்பென்று உட்கார்ந்துவிட்டார். அப்போது நாசிபா அக்கா கத்தினாள்.

"டேய் எமில், பாத்துடா! பின்னாடி உடைஞ்சா அதுக்குக் கை வைக்க ஆளில்ல!"

இளசுகள் முதல்முறையாக அந்தப் பெயரைக் கேட்டார்கள். ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். அத்தாவும் சிரித்தார். எழுந்து அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்தார். கஞ்சியில் எங்கள் எண்ணத்தின் வாடை வருகிறது என்றார். மூத்தோர் ஐந்து பேரையும் சேற்றுக்கூடத்துக்கு வரச் சொன்னார். அது நிலவறை. நடுவில் வற்றிய சேற்றுத் தொட்டி, சுவரெல்லாம் வெள்ளை ஓடு, மேலே ஏரியைப் பார்த்த ஒரு ஜன்னல், அதிலும் கண்ணாடி போய்விட்டது.

"என்னை எமில்னு கூப்பிட்ட நாக்கு இந்த உலகத்துல அஞ்சுதான் இருக்கு," என்றார். "அஞ்சையும் கழுவணும். யாருக்குள்ள என்ன அழுக்குன்னு நீங்களே ஒருத்தரப் பத்தி ஒருத்தர் சொல்லுங்க. முதல்ல வாயத் தொறக்கிறவங்க வெளிய வரலாம்."

வாத்தியார் தரையைப் பார்த்தார். ரைசா அழுதாள். நான் கையைத் தூக்கினேன். தூக்கியதும் எனக்கு நெஞ்சு லேசானது, தம்பி. அந்த லேசைத்தான் நான் அருள் என்று புரிந்துகொண்டேன்.

"நாசிபா அக்கா, அறைக்குள்ள உங்களை மாதிரி நடிச்சுக் காட்டுவாங்க அத்தா. நீங்க கண்ண மூடிக்கிட்டுக் குரல் கேக்கற மாதிரி. நான் சிரிச்சதே இல்ல."

நாசிபா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"இவளா சிரிச்சதில்ல? சிரிச்சு சிரிச்சுப் பாவாடைய நனைச்சவ இவ."

அது உண்மைதான். ஆனால் அத்தா அதைக் காதில் வாங்கவில்லை. சுவரில் சுருட்டி மாட்டியிருந்த ரப்பர்க் குழாயை எடுத்து என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து மூத்தோர் நான்கு பேர் ஆனார்கள், அந்தக் கூடத்திலேயே பூட்டப்பட்டார்கள். என்னைக் கழுவுபவள் என்றார்கள்.

கழுவல் என்றால் என்ன என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். சொல்கிறேன். காலையில் ஏரித் தண்ணீரைக் குழாயில் விட்டு நான்கு பேரையும் நனைப்பேன். நனைந்தபடியே ஒருவர் குற்றத்தை மற்றவர் சொல்ல வேண்டும். சொல்லக் குற்றம் இல்லாவிட்டால் உண்டாக்கிச் சொல்ல வேண்டும். வாத்தியார் அதில் கெட்டிக்காரர், எதையும் கோர்வையாகச் சொல்வார். சாப்பாடு ஒரே தகரத் தட்டில், தரையில் வைப்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் சாப்பிட வேண்டும். ரொட்டி கொடுக்கிற நாளில் ஒருவர் ரொட்டியில் மற்றவர் துப்பித் தர வேண்டும். பெருமை போவதற்காக. இது அத்தா சொன்னது இல்லை, எனக்குத் தோன்றியது. அத்தா கேட்டுவிட்டு, "சைரா, உனக்கு மூளை இருக்கு," என்றார்.

முடியை நான்தான் வெட்டினேன், பேன் வந்துவிட்டது. இளசுகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் நிறுத்தி வேடிக்கை பார்க்க வைத்தோம். கச்கின் வாத்தியார் முட்டிபோட்டுத் தொட்டியைச் சுற்றி வந்தபடி, தான் எழுதிய புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார். தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புத்தகம் படித்து இல்லத்துக்கு வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவளை அடுத்த நாள் முன்வரிசையில் நிறுத்தினேன்.

எனக்கு அருவருப்பு வரவில்லையா என்கிறீர்கள். வந்தது, தம்பி. தினமும் வந்தது. ரைசா பெத்ரோவ்னா ஒரு காலத்தில் கைக்குட்டைக்குக்கூட இஸ்திரி போடுகிறவள். அவள் தாடையில் கஞ்சி காய்ந்து ஒட்டியிருப்பதையும், அதை வாத்தியார் ஒளிவாக நாக்கால் எடுத்துத் தின்பதையும் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்படியா மனிதர்கள் இருப்பார்கள் என்று தோன்றியது. ஷார்ஷென் தன் கால்சட்டையிலேயே போய்விடுவார். அவர்களுக்குள் இத்தனை அசிங்கம் இருந்திருக்கிறது, அத்தாவுக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கிறது என்று வியந்துகொண்டேன். அறைக்கு வந்து கையை உப்புப் போட்டுத் தேய்ப்பேன். பிறகு எனக்குரிய இரண்டாவது தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிடுவேன். அத்தாவுக்கு அடுத்து இப்போது நான் ஒருத்திதானே.

இலையுதிர் காலத்தில் அத்தா சிறுநீரக வைத்தியத்துக்கு அல்மாத்தி நகரத்துக்குப் போனார். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எப்படியும் அவரைப் பிடித்துக் கேட்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

"அந்தக் கிழங்கள விட்டுடு சைரா. எனக்கு அலுத்துப்போச்சு. நான் இனிமே அங்க வரல."

பின்னால் ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். அலுத்துப்போச்சு என்பது கட்டளையா? நோயாளியின் சலிப்பு. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நான் அரைகுறையாகக் கழுவியவர்களை வெளியே விட்டிருந்தால் அவர்கள் கதி என்ன? வெளியே வந்தால் மறுபடி சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்வார்கள், அந்த வாயோடு. நான் இல்லத்தாரிடம் போய், அத்தா தியானத்தில் இருக்கிறார், கழுவலைத் தொடரச் சொன்னார் என்றேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து கூடத்துக் கதவைப் பூட்டுவதை நிறுத்திவிட்டேன். இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினால் திறக்கும். குளிர்காலம் முழுவதும் ஒருவரும் தள்ளவில்லை. அவர்களுக்கே கழுவல் வேண்டியிருந்தது என்பதற்கு வேறென்ன சாட்சி?

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினார்கள். ரைசா என்னைவிட மூத்தவள், அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். நான் கேட்டு வாங்கியது இல்லை. முதலில் வாத்தியார் சொன்னார், அவருக்கு ஒரு முழு ரொட்டி கொடுத்தேன். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். நாசிபா அக்கா மட்டும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு காலை. குழாயை எடுத்துக்கொண்டு போனேன். அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலெல்லாம் வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"சைரா," என்றாள், "அவன் போயிட்டானில்ல?"

நான் குழாயைத் தொட்டி ஓரமாக இழுத்தேன்.

"வண்டிச் சத்தமே காணோம். இலை விழுந்ததுலேர்ந்து காணோம். அவன் நம்மள விட்டுட்டு ஓடிட்டான். இப்ப இதையெல்லாம் நீயாத்தான்டி செய்யற."

மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். கேள்வி இல்லாத கண்கள். ஆனால் பார்த்தார்கள்.

"நாசிபா பேசறது தப்பு. மன்னிச்சுருங்க அம்மா," என்றாள் ரைசா.

"வாய மூடு ரைசா," என்றாள் நாசிபா அக்கா. பிறகு என்னிடம், நாங்கள் ஓர் அறையில் இருந்தபோது பேசுகிற குரலில் சொன்னாள். "குழாயக் கீழ வச்சிட்டு வா சைரா. ரெண்டு பேரும் மேல போய் ஒரு டீ போட்டுக் குடிப்போம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அவள் சொன்னதைச் செய்ய எனக்கு ஆசை வந்தது. அதை மறைக்கமாட்டேன். ஒரு மூச்சு நேரம் வந்தது. அந்த ஆசை எனக்கு அசிங்கமாக இருந்தது, அவள் காலிலிருந்து வடிந்ததைவிட அசிங்கமாக. நான் தண்ணீரைத் திறந்தேன். வழக்கமாக நான்கு பேருக்கும் சமமாகப் பிடிப்பேன். அன்று அவளுக்கு மட்டும் பிடித்தேன். அவள் பேச்சு நின்றது. பிறகு நடுக்கம் நின்றது. நடுக்கம் நின்றால் என்ன அர்த்தம் என்று ஒரு தாதிக்குத் தெரியும். குழாயை மூடாமல் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் குட்டை முடி சுவர் ஓட்டோடு ஒட்டி உறைந்த பிறகுதான் மூடினேன். எதற்காகச் சுற்றி வளைக்க வேண்டும்? நாசிபாவைக் கொன்றது நான். அத்தா சொல்லிக் கொல்லவில்லை. அத்தாவுக்கு அவள் உயிரோடு இருந்ததே ஞாபகம் இருந்திருக்காது.

வாத்தியாரும் ரைசாவும் எனக்கு நன்றி சொன்னார்கள். அது வழக்கம், கழுவல் முடிந்ததும் சொல்ல வேண்டும். ஷார்ஷென் சொல்லவில்லை. அவர் எழுந்து நாசிபாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார், கிடையில் ஒரு மாட்டைப் பார்ப்பதுபோல. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை. ஈரக் கம்பளிக் காலுறையோடு பனியில் சாலைவரை நடந்து, காரகோல் நகரத்துக்குப் போகும் பேருந்துக்குக் கை காட்டியிருக்கிறார். ஓட்டுநர் நாற்றம் தாங்காமல் முதலில் ஏற்றமாட்டேன் என்றானாம். அப்புறம் போலீஸ்காரர்கள் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். எனக்குத் தண்டனை பற்றிப் பயமில்லை. ஒரே ஒரு உதவி வேண்டும். ரைசாவையும் வாத்தியாரையும் நகரத்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறீர்களாம். கட்டில் கொடுத்தால் கீழே இறங்கிப் படுத்துக்கொள்கிறார்களாம். மேசையில் வைக்கிற சாப்பாட்டைத் தொடுவதில்லையாம், தாதிப் பெண்கள் தட்டைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய் அழுகிறார்களாம். அந்தப் பெண்களுக்கு என்ன தெரியும், தம்பி? வாத்தியாருக்கு ரொட்டியை நனைத்துத் தர வேண்டும். ரைசாவை 'இப்போது சாப்பிடு' என்று சொல்லாவிட்டால் அவள் பட்டினி கிடந்தே செத்துப்போவாள். என்னை ஒரு மணி நேரம் அவர்களிடம் விடுங்கள். பாவம், என்னை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?