நடுவில் வைத்த பச்சைக் குச்சிகள்

கஞ்சி ஆறுகிறது, சம்பந்தியம்மா. பயறும் வாற்கோதுமையும் சேர்ந்து ஆறினால் களியாகிவிடும். சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள். உங்கள் மகன் ரெமி உப்புக் குகையில் எப்படிச் செத்தான் என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மலைக்குக் கோபம் என்கிறார்கள். மலை பாவம், அது யாரை என்ன செய்தது. பெற்றவள் நீங்கள், உங்களுக்கு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

குகைக்குள் இறங்குகிறவர்களுக்கு வெளிச்சக் குச்சி கட்டிக் கொடுப்பவன் நான்தான், தெரியுமே. தேவதாருவை நீளமாகச் சீவி, குளிர்காலம் முழுக்கக் கூரை இடுக்கில் காயவைத்தால்தான் உள்ளே நின்று எரியும். கட்டின் வெளிச்சுற்றிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் பற்றவைத்துப் பல்லில் கடித்துக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்கு ஆகும். நான் கட்டிய குச்சிக்கட்டை யாரும் குகைக்கு வெளியே பிரித்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் கட்டியவனை அவமதித்ததாகும்.

எஸ்கா எனக்கு ஒரே மகள். தாயில்லாமல் வளர்த்தேன். அவள் உங்கள் மகனைக் கட்டிக்கொண்டபோது நான் குறுக்கே நிற்கவில்லை. இந்த வசந்தத்தில், கணவாயில் பனி இளகியதும், என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாங்க கணவாய் தாண்டிப் போயிடலாம்னு இருக்கோம். அந்தப் பக்கம் செம்பு தோண்டுறாங்களாம். இங்கேயே கெடந்து உப்புக்கண்டமாப் போகணுமா, சொல்லு?"

"போனா திரும்ப வருவியா?"

"வராம எங்க போயிடுவேன்? நீ ஒரு ஆளு!"

பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவக்கும். அன்று நன்றாகவே சிவந்தது.

அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவளைக் கிளப்பியது ரெமி. அவன் இல்லையென்றால் இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். யார் யோசித்தாலும் அப்படித்தானே தோன்றும்? அவனுடைய குச்சிக்கட்டின் வெளிச்சுற்றில் காய்ந்த குச்சிகளை வைத்தேன், நடுவில் அன்று வெட்டிய பச்சை மரம். குகைக்குள் இருக்கும் ஆழமான பழைய பள்ளத்தின் ஓரமாக நடந்து கடைசி அறைக்குப் போகும்வரை வெளிச்சம் இருக்கும். திரும்பி வரும்போது இருக்காது. கடைசி அறையில் அவனுக்கு மட்டும்தான் வேலை; உப்பு சுமக்கிற பெண் பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவாள். வேறு யாருக்கும் ஆபத்தில்லாமல் பார்த்துக்கொண்டேன்.

காலையில் குச்சிக்கட்டு வாங்க எஸ்காதான் வந்தாள்.

"ரெமியோட கட்டைக் குடுப்பா. உப்பு சுமக்குற பொண்ணுக்குக் காய்ச்சல், இன்னைக்கு நான்தான் அவரு கூட கடைசி அறைவரைக்கும் எறங்குறேன்."

நல்ல கட்டு ஒன்று என் காலடியிலேயே கிடந்தது. குனிந்து எடுத்திருந்தால் போதும். ஆனால் அவள் தோளில் புதுச் செருப்பு ஒரு ஜோடி தொங்கியது. தடித்த தோல், கணவாய் நடைக்குத் தைத்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரெமியின் கட்டைக் கொடுத்தேன்.

"பார்த்து எறங்கு," என்றேன்.

"பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்று என்னைச் சீண்டினாள். பிரிக்காமலே சிரித்துக்கொண்டு போனாள்.

அன்று இரண்டு பேரும் மேலே வரவில்லை. இருந்த கயிற்றையெல்லாம் முடிந்து இறக்கியும் பள்ளத்தின் அடி எட்டவில்லை. தினமும் ஓரத்தில் உட்கார்ந்து கூப்பிடுகிறேன். பதில் வராது, தெரியும். அழாதீர்கள், சம்பந்தியம்மா. உப்பு எதையும் அழுக விடாது. என் மகள் அப்படியே, அந்தச் சிரிப்போடு, இங்கேயே இருக்கிறாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் போயிருந்தால் அவளை யார் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?