நாற்பத்தெட்டாம் அளவின் நாயகருக்கு

மிலான் நகரத்து வெல்ரானி ஆண்கள் உடையகத்தின் அளவுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் நின்று பணியாற்றி, இன்று அமர்ந்து ஓய்வு கொள்ளச் செல்லும் பெருமதிப்பிற்குரிய ஒரெஸ்தே கல்தியேரா அவர்களுக்கு, வெட்டுவோரும் தைப்போரும் தேய்ப்போரும் பொத்தான் கட்டுவோரும் ஒருங்கே கூடி, உணவுக்கூடத்து மேசைகளை ஓரம் தள்ளி, உவந்து வாசித்தளிக்கும் மடல்.

நின்ற இடத்தில் நின்றே நெடும்புகழ் கொண்ட நிலையாளரே! குண்டூசிக்கும் குலையாத குணக்குன்றே! துணிக்குத் தோள் தந்த தூயவரே! நாற்பத்தெட்டாம் அளவின் நாயகரே! தங்களுக்கு எங்கள் வணக்கம்.

நாளை இந்த மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறித் தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும். வருகிறவர் யாராவது அதைப் படித்துவிட்டு, இவர் அப்படி என்னதான் செய்தார் என்று கேட்கக்கூடும். தாங்கள் நின்றீர்கள். இந்த நிறுவனத்திலிருந்து ஒரு கோட்டு உலகத்துக்குப் போகுமுன் அதைக் காடாத்துணியில் தைத்து ஒரு மனிதர் மேல் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த மனிதர் தாங்கள். நிலைக்கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் மரப்பெட்டி மேல் ஏறித் தாங்கள் கைகளைத் தொங்கவிட்டால், அந்தப் பருவத்து ஆண்களின் உருவம் அங்கே ஆரம்பமானது. ஒசாகாவில் ஒரு வங்கி அதிகாரியும் லியோனில் ஒரு பல் மருத்துவரும் தங்கள் தோளைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

அளவுக்கூடத்தின் வழக்கம் தாங்கள் அறியாததல்ல; ஆனாலும் அவையோருக்காகச் சொல்கிறோம். பெட்டி மேல் நிற்பவர் பேசக் கூடாது. அவரிடம் யாரும் எதுவும் கேட்பதும் இல்லை. "தோள் இன்னும் இறங்கட்டும்", "இடுப்பைப் பிடி" என்றெல்லாம் சொல்வார்கள். அவை வெட்டுநருக்குச் சொல்லப்படுபவை. உடை எப்படி இருக்கிறது என்பதைக் கண் சொல்லும். போட்டவரைக் கேட்பது இந்தத் தொழிலில் கௌரவக் குறைவு. அந்த வழக்கத்தைத் தாங்கள் காத்தது போல் எவரும் காத்ததில்லை. ஒருமுறை குண்டூசி ஒன்று தங்கள் இடுப்பிலேயே இறங்கியும் தாங்கள் புருவத்தை மட்டும் உயர்த்தியதை இன்றும் தையல் மேசையில் பேசிக்கொள்கிறார்கள்.

அசையாத் திருமேனியரே!

ஜனவரியிலும் ஜூனிலும் ஆடைக் காட்சிகளுக்காக இந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: ஆண்களின் உடை அடுத்து எந்தப் பக்கம் போகும்? சில ஆண்டுகளாக நம் நிறுவனம் அதற்கு ஒரே பதிலைச் சொல்லி வந்தது. ஒல்லி, அதற்கடுத்த பருவம் இன்னும் ஒல்லி. வடிவமைப்பாளர் இலாரியா ஸ்தோப்பா ஒருநாள் தங்களைச் சுற்றி நடந்தபடி, "அடுத்த ஆம்பளை கத்தி மாதிரி இருப்பான். பக்கவாட்டுல பாத்தா ஆள் இருக்கறதே தெரியக் கூடாது" என்றார். "தெரியலன்னா டிராம்காரன் எப்படிம்மா நிறுத்துவான்?" என்று தேய்ப்பு மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கும் தாங்கள் சிரிக்கவில்லை. தங்கள் கட்டுப்பாடு என்று வியந்தோம். சிரிக்க முடியாத காரணம் பின்னால்தான் தெரிந்தது.

அந்த நாள்களில் கடைகளிலிருந்து கோட்டுகள் திரும்பி வரத் தொடங்கியிருந்தன. நின்றால் அழகு, உட்கார்ந்தால் வேதனை என்பதுதான் எல்லா ஊர்ப் புகாரும். பெரும்பாலானவை விலாத் தையலில், ஏறக்குறைய ஒரே இடத்தில் விட்டுப்போயிருந்தன. முதலாளி ரைனேரோ வெல்ரானி அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கோட்டுல ஒரு குறையும் இல்ல. போடுறவன் வயித்துலதான் குறை. ஆம்பளைங்க எல்லாம் தின்னே கெட்டுப்போயிட்டானுங்க" என்றார். தலைமை வெட்டுநர் நிவெஸ் பர்த்தோலி அம்மையார்தான் தூக்கம் கெட்டு அலைந்தவர். பிழை தம் கத்தரிக்கோலில் என்று அவர் நம்பினார். பேட்டர்ன் தாளை மறுபடி மறுபடி விரித்து அளந்தார், மூக்குக்கண்ணாடியை மாற்றினார், கை நடுங்குகிறதோ என்று மருத்துவரைக்கூடப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அதே காடாத்துணியைத் தங்கள் மேல் போட்டுப் பார்ப்பார். கச்சிதமாக இருக்கும்.

கச்சிதம் எப்படி வந்தது என்பதை இந்த மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. எழுதத்தான் வேண்டும் என்று அடித்துச் சொன்னவர் நிவெஸ் அம்மையார்.

தாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். சிகரெட்டை விட்ட பிறகு, வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு, வீட்டில் தங்கள் துணைவியார் பியெரா அம்மையாரின் குங்குமப்பூச் சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிடத் தொடங்கிய பிறகு, தங்கள் உடம்பு தன் பாட்டுக்கு அகலத் தொடங்கியது. வேலையோ நாற்பத்தெட்டாம் அளவுக்கு உரியது. அளவு போனால் ஆளும் போக வேண்டும். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டு மிச்சம். ஆகவே அளவு நாடா இடுப்பைச் சுற்றும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்து, தோளால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வாங்கி, பெட்டி மேல் நின்றீர்கள். நாங்கள் அதை நிமிர்ந்த நிற்பு என்று போற்றினோம். புதிதாக வந்தவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினோம்.

பொறுமைக்கே பொத்தான் போட்டவரே!

சென்ற ஆண்டு மே மாதத்து முற்பகல் அது. ஜூன் காட்சிக்கான கோட்டு, இதுவரை வெட்டியதிலேயே ஒடுக்கமானது, தங்கள் மேல் இருந்தது. இலாரியாவுக்கு நடுப் பொத்தான் எங்கே வர வேண்டும் என்று முடிவாகவில்லை. ஒரு விரல் ஏற்றினார், இறக்கினார், எட்டப் போய் நின்று பார்த்தார், தொலைபேசியில் பேசிவிட்டு வந்து மறுபடி ஏற்றினார். தங்கள் முகம் சிவந்து, பிறகு தக்காளிக் குழம்பின் நிறத்துக்கு வந்தது. வழக்கப்படி முகத்தை யாரும் பார்க்கவில்லை. அப்போதுதான் தாங்கள் மூச்சை விட்டீர்கள்.

குண்டூசிகள் கண்ணாடியில் பட்டுத் தெறித்தன. விலாத் தையல் கீழிருந்து அக்குள் வரை விட்டது. அந்தக் கூடத்தில் முதன்முதலாகத் தாங்கள் பேசினீர்கள்.

"முடியலம்மா. மூச்சு விட்டுக்கறேன்."

முதலாளி நாடாவைக் கேட்டார். நிவெஸ் அம்மையார் சுற்றினார்; இம்முறை தாங்கள் இழுத்துப் பிடிக்கவில்லை. ஐம்பத்திரண்டு. அவர் நாடாவைக் கீழே போட்டுவிட்டு, உள்ளறைக்குப் போய்த் திரும்பி வந்த கோட்டுகளைக் கையோடு அள்ளிவந்து தங்கள் காலடியில் கொட்டினார். ஒன்றை விரித்து, அது கிழிந்த இடத்தைத் தங்கள் விலாவில் கிழிந்த இடத்தோடு வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது.

"பாவி! என் கைதான் போச்சுன்னு நெனச்சேனேடா. டாக்டர்கிட்டல்லாம் போனேனேடா. நான் யாருக்கு வெட்டிட்டு இருந்தேன் இத்தனை நாளா? மூச்சு விடாதவனுக்கா?"

அவர் அழுதார். தாங்களும் அழுதீர்கள். அன்று நிவெஸ் அம்மையாருக்கு நேர்ந்தது சிறிய வருத்தம் அல்ல. அதைத் தாங்களும் ஒருபோதும் சிறிதாகச் சொன்னதில்லை.

முதலாளி வாசலை நோக்கி நடந்தபடியே, "அளவு மாறிப்போச்சு. நாளைக்கே ஆளை மாத்துங்க" என்றார்.

அதுதான் தாங்கள் இத்தனை காலமாக அஞ்சிய சொல். பெட்டியிலிருந்து இறங்கி, கிழிந்த கோட்டைக் கழற்றுவதற்குக் கையைத் தூக்கினீர்கள். இலாரியா தடுத்தார். கீழே கிடந்த கோட்டுக் குவியலையும் தங்கள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, அந்தக் கூடத்தில் எந்த வடிவமைப்பாளரும் நிற்பவரிடம் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

கேள்வி தங்களுக்குத்தானா என்று தாங்கள் திரும்பிப் பார்த்ததை நாங்கள் கண்டோம். "தோள் நல்லா இருக்கும்மா. கழுத்தும் பரவாயில்ல. இடுப்புலதான் உயிர் போகுது" என்றீர்கள்.

"மாத்தச் சொன்னேன்ல?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஆள் மாறல சார். நம்ம அளவுதான் தப்பு" என்றார் இலாரியா. "இவரை அனுப்புறதா இருந்தா இந்தக் குவியலையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. நிவெஸக்கா, ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

அளவுக்கூடத்துக்குள் நாற்காலி வந்தது அன்றுதான். தாங்கள் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்த உடம்பின் மேல் நிவெஸ் அம்மையார் குண்டூசி குத்தத் தொடங்கினார். முதல் சிலவற்றைச் சற்று ஓங்கியே குத்தினார் என்று தாங்கள் பின்னாளில் சொல்லிச் சிரித்தீர்கள்.

அந்த ஜூன் காட்சியில் நம் ஆண்கள் மேடையில் நடந்து வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள், காலை நீட்டினார்கள், மூச்சு விட்டார்கள். கோட்டின் விலாவில் புதிதாக வைத்த ஒரு மடிப்பு மூச்சோடு விரிந்து மூடியது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின: அதிகாரத்தின் தளர்வு என்றது ஒன்று, ஆண்மையின் புதிய இலக்கணம் என்றது இன்னொன்று. குங்குமப்பூச் சோற்றைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதவில்லை. அடுத்த பருவமே மற்ற நிறுவனங்களின் விலாக்களிலும் மடிப்பு வந்துவிட்டது. முதலாளி பேட்டிகளில், தாம் வெகுநாளாக இதைத்தான் சொல்லி வந்ததாகத் தெரிவித்தார்.

அடுத்து எந்தப் பக்கம் என்று இப்போதும் கேட்கிறார்கள். பாவாடை என்கிறார் ஒருவர்; காலரே இருக்காது என்கிறார் இன்னொருவர்; வெயில் ஏறுகிற ஏற்றத்தில் ஆகஸ்டில் கோட்டே இருக்காது என்கிறார்கள் துணி ஆலைக்காரர்கள். எங்களுக்குத் தெரியாது. இலாரியாவும் தெரியும் என்று இப்போது சொல்வதில்லை. பெட்டி மேல் நிற்பவரைக் குனியச் சொல்கிறார், பிள்ளையைத் தூக்குவது போல் கையைத் தூக்கச் சொல்கிறார், மிதிவண்டி மேல் ஏற்றிப் பார்க்கிறார், பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கிறார். உடை எங்கே போனாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் போகும் என்பது எங்கள் எண்ணம். அதில் தவறும் இருக்கலாம்.

சென்ற வாரம் தங்கள் இடத்துக்கு வந்த லீவியோவை அளந்தபோது நடந்ததையும் குறித்தாக வேண்டும். இப்போது வேலை ஐம்பத்திரண்டாம் அளவுக்கு உரியது. நாற்பது வயது மனிதர், அளவு குறைந்துவிடுமோ என்ற பயத்தில் வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றார். நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை, நிவெஸ் அம்மையார்கூட. தாங்கள் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தீர்கள். "விடுப்பா. அந்தப் பொழப்பு வேணாம்" என்றீர்கள். அவர் விட்டார். ஐம்பது. இலாரியா ஒரு கணம் யோசித்துவிட்டு, "சரி, ஐம்பதுல ஆரம்பிப்போம்" என்றார்.

எங்கள் அன்புக்குரியவரே! முப்பத்தொரு ஆண்டில் எத்தனையோ கோட்டுகள் தங்கள் மேல் பிறந்தன. ஒன்றுகூடத் தங்களுக்காகப் பிறந்ததில்லை. ஆகவே இம்மடலுடன் ஒரு கோட்டும் வருகிறது. தங்களை நிற்க வைத்தால் பழைய பழக்கத்தில் இழுத்துப் பிடித்துவிடுவீர்கள் என்று, உணவு வேளையில் தாங்கள் உண்டு முடித்துச் சாய்ந்திருக்கையில், எதிர் மேசையிலிருந்து நிவெஸ் அம்மையார் கண்ணால் எடுத்த அளவில் தைத்தது அது. தம் கையின் மேல் அவருக்கு மறுபடி நம்பிக்கை வந்துவிட்டது.

தாங்களும் பியெரா அம்மையாரும் நோயின்றி, குறையின்றி, நீண்ட ஆயுளுடன், வயிறு நிறைய உண்டு வாழ வாழ்த்துகிறோம். இப்போது எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளுங்கள். மூச்சு விடுங்கள். நாங்கள் அனைவரும் இதுவரை ஒருமுறையும் கேளாததை இன்று ஒன்றாகக் கேட்கிறோம், பதில் வரும்வரை கோப்பைகளைத் தூக்கப்போவதில்லை:

தங்களுக்கு எப்படி இருக்கிறது?

இங்ஙனம்,
குண்டூசி குத்தியவர்களும் பொறுக்கியவர்களும்,
வெல்ரானி அளவுக்கூடம், மிலான்.