தலையில்லாத பேஸ் கிட்டார்

நாற்பது வயதில் கிட்டார் வாங்கி, ஒரு பாட்டும் வராமல், அதில் சட்டை மாட்டி வைத்தவன் நான். அதனால் செங்கம் ரோட்டு டவுன் பஸ்ஸில் முன்சீட்டுப் பேச்சுக்குக் காது தானாக நீண்டது. ஆர்கெஸ்ட்ராக்காரர் மடியில் பேஸ் கிட்டார். பக்கத்தில், அன்று மாலை வரவேற்பு நடக்கவிருந்த பெண்ணின் மாமா.

“என்ன தம்பி, கிட்டாருக்குத் தலையே இல்ல?”

“மாடலே அப்படித்தாங்க. முறுக்காணியெல்லாம் பின்னாடி இருக்கு.”

“மூளியான சாமான கல்யாண மேடையில ஏத்தக்கூடாது. நீ வாசிக்க வேணாம்.”

“சார், எனக்கு இதான் மொத கச்சேரி! கம்பிக்கு அடியில பீசோ பிக்கப்னு அதிர்வ புடிக்கிற சாமான் வெச்சிருக்கேன். லேசா தொட்டாகூட ஸ்பீக்கர்ல வரும்.”

“தல வராதே?”

“நுனியில ஒரு எலுமிச்சம்பழம் குத்திடறேங்க.”

மாமா யோசித்தார். “குங்குமமும் வெச்சிடு.”

இருவரும் இறங்கியதும் கண்டக்டர் சொன்னார்: “எங்க வீட்டுக் கல்யாணத்துல பேஸ் கிட்டார்காரர் வரவேயில்லீங்க. யாருமே கவனிக்கல.”