பிணம் மூச்சு விடக்கூடாது

எனக்கு ரத்தம் ஆகாது. கறிக்கடையில்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பையை நீட்டுவேன். அப்படிப்பட்டவள் பதினோரு வருடம் கொலைப்படங்களில் எப்படிக் குப்பை கொட்டினாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் படங்களில் ரத்தம் என்பது சர்க்கரைப் பாகில் கலந்த சிவப்புச் சாயம். அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. எறும்புதான் தொல்லை.

படங்களை எடுப்பவன் என் தம்பி. புத்தி பிசகிய ஒருவன் ஒரு வீட்டுக்குள் புகுந்து, இருப்பவர்களை ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டே போவான். ஒன்பது படத்துக்கும் அதே கதை, அதே வீடு. திரைச்சீலையை மட்டும் மாற்றுவோம். பட்டப்பகலில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, இரவாக்கி, பதினெட்டு நாளில் படத்தை முடித்துவிடுவோம்.

நான் பார்த்தது கன்டினியூட்டி. முதல் ஷாட்டில் வலது கையில் இருந்த கத்தி அடுத்த ஷாட்டில் இடது கைக்குப் போகக்கூடாது. பாதி குடித்த தண்ணீர் தானாக நிறையக்கூடாது. கன்னத்தில் வெட்டுப்பட்டவளுக்கு மறுநாளும் அதே கன்னத்தில், அதே நீளத்தில் காயம் இருக்கவேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்து, தப்பு நடந்தால் சொல்வேன். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். தம்பி அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. "அதெல்லாம் அக்கா பாத்துக்கும்" என்பான். நானும் பார்த்துக்கொண்டேன்.

முதல் படம் வெளியான அன்று மதியக் காட்சிக்கு நானும் தம்பியும் போயிருந்தோம். திரையில் பிணம் கிடந்தது. அதன் வயிறு ஏறி இறங்கியது. முன் வரிசையில் ஒருவர் "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்தார். ஐந்தாவது மூச்சுக்குள் அரங்கமே சேர்ந்துகொண்டது. ஏழாவது மூச்சுக்குக் கைதட்டல் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் தம்பி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் நான். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டான், பாவம். இனி ஒருவரும் என் தம்பியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள்தான். கொலைகாரனாக நடித்தவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர். கழுத்தை அறுக்கும் காட்சி முடிந்ததும் அந்தப் பெண்ணிடம் "வலிச்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அவர் இடது காலை நொண்டி நடக்கவேண்டும். ஆனால் மூன்றாவது காட்சியில் வலதை நொண்டினார். நான் சொன்னேன். ஐந்தாவது காட்சியில் மறுபடி வலது. மறுபடியும் சொன்னேன். "யாரும்மா இதையெல்லாம் கவனிக்கப் போறாங்க?" என்று சிரித்தார். மறுநாள் கேமரா வைக்கும் தள்ளுவண்டி அவருடைய இடது பாதத்தில் ஏறிவிட்டது. அதன் பிறகு கடைசி நாள் வரை அவர் காலை மாற்றவேயில்லை. வண்டியின் தடைக்கட்டையை எடுத்தது யார் என்று எல்லோரும் தேடினார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இனி தையல்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் காத்திருப்பது அதற்குத்தானே.

எங்கள் படங்களுக்கு உடை தைத்தவர் அவர்தான். ஆள் போதாமல் முதல் படத்தில் பிணமாகப் படுக்கவைத்தோம். அதிலிருந்து ஒன்பது படத்திலும் அவர்தான் பிணம். ஊரே "பொணம் அண்ணே" என்றுதான் கூப்பிடும். அவருக்கு அதில் பெருமை. "மத்தவங்க செத்தா ஒரு தடவை. நான் எட்டுத் தடவை செத்துட்டேன், இன்னும் கடையில ஊசி கோக்கறேன்" என்பார். என்மேல் பிரியமானவர். என் ரவிக்கைகளுக்கு அளவே எடுக்காமல் தைப்பார். அவரிடம் ஒரே குறை, மூச்சு. எந்தப் படத்திலும் அவரால் அதை அடக்க முடிந்ததில்லை.

ஒன்பதாவது படத்தில் தம்பி ஒரு பெரிய ஷாட் வைத்தான். கதவிலிருந்து கேமரா மெதுவாக நகர்ந்து பிணத்தின் முகம் வரைக்கும் வரும். நடுவில் கட்டே கிடையாது. முழுசாக இரண்டு நிமிடம். அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒத்திகையிலேயே நாற்பது நொடிக்கு மேல் தாங்கவில்லை. வயிறு துள்ளும், பிறகு இமை துடிக்கும். ஒரு தடவை தும்மிவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, உயிர் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழைய தியேட்டரை ஞாபகப்படுத்தியது.

என் கணவருக்குத் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஆழ்ந்து தூங்குகிறவர்களின் மூச்சு வெளியே தெரிவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒருவருக்குக் கொடுத்துவிட முடியுமா? அதனால் முதலில் வீட்டிலேயே, கணவர் சாப்பாட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து பார்த்தேன். சனிக்கிழமை மதியம் படுத்தவர் திங்கட்கிழமை காலையில் எழுந்து, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்றார். ஆமாம் என்றேன். வேலை இடத்தில் யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. வயசாகுது இல்ல, என்று சமாதானம் சொன்னேன்.

படப்பிடிப்பு அன்று பன்னிரண்டு டேக் போனது. பதின்மூன்றாவதற்கு முன்னால் எல்லோருக்கும் டீ வந்தது. அண்ணனுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் உடம்பு என் கணவரைவிடப் பெரியது. அதனால் மாத்திரையும் கூடத்தான் போட்டேன். எத்தனை என்பது நோட்டில் இருக்கிறது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை கம்மியா இருக்கும்மா" என்றார். முழுவதையும் குடித்தார். கொடுத்ததை மிச்சம் வைக்காத மனிதர். விளக்குகளைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் தரையிலேயே கண் அயர்ந்துவிட்டார். "பொணம் அண்ணே கதாபாத்திரமாவே மாறிட்டாரு" என்றான் தம்பி.

கேமரா ஓடியது. என் கையில் ஸ்டாப்வாட்ச். மூச்சு மெல்லியதாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. நாற்பத்தொன்பதாவது நொடியில் வயிறு இறங்கியது. பிறகு ஏறவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறவில்லை. இன்னும் எழுபத்தோரு நொடி பாக்கி இருந்தது. அவ்வளவு அழகான ஷாட்டை அந்த வீட்டில் நாங்கள் எடுத்ததே இல்லை.

முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் எழுந்து கும்பிடுவார் என்று காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கை தட்டுவதை நிறுத்தினார்கள்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்று எழுதினார். தூக்கிக்கொண்டு போகும் முன் சட்டையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அடுத்த காட்சியில் கொலைகாரன் அதைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது பேசினாராம்மா?" என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. சர்க்கரையைப் பற்றிச் சொன்னேன். "அவர் எப்பவும் ரெண்டு ஸ்பூன் போட்டுப்பார்" என்று அழுதார்.

போன வாரம் படத்தொகுப்பு நடந்தது. எந்த டேக்கை வைப்பது என்று பார்க்கத் தம்பி என் நோட்டைத் திறந்தான். பதினோரு வருடத்தில் முதல்முறை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான். 'டேக் 13. 0:49 முதல் மூச்சு இல்லை. மிக நன்று' என்று எழுதியிருந்தேன். பக்கத்திலேயே மாத்திரைக் கணக்கு.

"அக்கா, அவர் போயிட்டார்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஷாட் போயிட்டிருந்துச்சே."

நோட்டை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறான். எனக்கு அவன்மேல் வருத்தமில்லை. குழந்தை மாதிரி. அவனுக்காகத்தான் எல்லாம் செய்தேன் என்பது ஒருநாள் அவனுக்குப் புரியும்.

ஆனால் உங்கள் அறிக்கையில் ஒரு தப்பு இருக்கிறது. திருத்திக்கொள்ளுங்கள். டைரக்டர் பன்னிரண்டு டேக்கிலும் திருப்தி அடையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நாலாவது டேக்கிலேயே அவன் ஓகே சொல்லிவிட்டான். "போதும்க்கா, அண்ணன் பாவம். மூச்சு லேசா தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது, யாரு பாக்கப் போறாங்க?" என்றான்.

"நான் பாக்கறேன்ல" என்றேன்.