இரண்டாம் வரிசையில் வைத்த கைப்பை

என் பெயர் ரோசம்மாள், வயது 72, காலஞ்சென்ற சவுரியப்பனின் மனைவி. தருமபுரி மாவட்டம், நல்லம்பள்ளி வட்டம், மாதா கோயில் தெரு, 4/17 எண் வீட்டில் வசிக்கிறேன். கன்னியர் பள்ளியில் படித்தவள். கண்ணாடி அணிந்தால் பார்வை சரியாக உள்ளது.

சேலம்–சென்னை விமானத்தின் கேப்டன் ஜெசிந்தா என் ஒரே மகள். அவள் தாயான என்னை முன்னால் உட்காரவிட்டு, தன்னை மட்டும் அவமானப்படுத்தி இறக்கிவிட்டதாக என் கணவரின் தம்பி ராஜப்பன் புகார் கொடுத்துள்ளார். அது உண்மையென்றால் மகளின் வேலை போகும் என்று, இந்த வாக்குமூலத்தை எழுதிய காவல் உதவி ஆய்வாளர் தெரிவித்தார்.

சென்ற மாதம் 9ஆம் தேதி, ஒரு நிச்சயதார்த்தத்துக்காக உறவினர் பதினோரு பேர் அந்தச் சிறிய விமானத்தில் பின்வாசல் வழியாக ஏறினோம். பாதிக்கு மேல் காலி. என் இருக்கை 14சி. மகள் இருக்கும் அறைக்கு அருகில் இருக்க விரும்பி, யாரையும் கேட்காமல் இரண்டாம் வரிசையில் கைப்பையை வைத்து உட்கார்ந்தேன். அதன் பிறகு என்னைப் பார்த்து மற்றவர்களும் முன்னால் வந்தார்கள். ராஜப்பன், பேருந்தில் இடம் பிடிப்பதுபோல் இரண்டு இருக்கைகளில் துண்டு போட்டார். பணிப்பெண் இரண்டு முறை எழச் சொன்னதற்கு, "அட போம்மா, எங்க வூட்டுப் பொண்ணு ஓட்டுற வண்டி இது. துண்டு போட்டாச்சு" என்றார்.

அதன் பிறகு கேப்டன் வெளியே வந்து, முதலில் என்னிடம், "மேடம், உங்க சீட் பதினாலு சி. அங்க போங்க" என்றாள். அவள் என்னை அம்மா என்று அழைக்காதது அதுவே முதல் முறை. உடனே எழுந்து சென்றேன். பிறகு அவள் எல்லோரிடமும், எடை முன்பக்கம் சேர்ந்தால் விமானத்தின் மூக்கு தூக்காது என்று விளக்கினாள். மற்றவர்கள் எழுந்தார்கள். ராஜப்பன் எழவில்லை.

"சார், நீங்க எந்திரிக்காம வண்டி நகராது."

"சித்தப்பனையா சார்ங்கற? நகராட்டிப் போவுது."

அதன் பிறகு அவர் பணிப்பெண்ணின் கையைத் தட்டிவிட்டதை நான் பார்த்தேன். காவலர்கள் வந்து அவரை இறக்கினார்கள். என் கைக்கடிகாரப்படி இருபத்திரண்டு நிமிடம் தாமதமானது.

அதன் பிறகு விமானம் எழும்பியது. இறக்கைகளில் சுழலும் விசிறிகளின் அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் ஏரிகளையும் ரயில் பாதையையும் தெளிவாகப் பார்த்தேன். மலைக்கு மேல் மேகம் இருமுறை குலுக்கியது. மடியில் இருந்த ஜெபமாலையை நான் எடுக்கவில்லை, தேவைப்படவில்லை. சென்னையில் சக்கரம் அலுங்காமல் தரையைத் தொட்டதைப் பக்கத்தில் இருந்தவர் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

கடைசியாக நான் இறங்கினேன். கேப்டன் படிக்கட்டருகே நின்றாள். "நன்றி, கேப்டன்" என்றேன். அவள், "படி பாத்து எறங்கும்மா" என்றாள்.

உதவி ஆய்வாளர் 'ஓட்டுநர்' என எழுதியிருந்த இரண்டு இடங்களில் 'கேப்டன்' எனத் திருத்தச் செய்தேன். முதலில் இடம் மாறியவள் நானே, முதலில் எழுப்பப்பட்டவளும் நானே என்பதை அடிக்கோடிடச் செய்தேன். நானே முழுவதும் படித்துப் பார்த்தேன். நான் கண்டதும் செய்ததும் மட்டுமே இதில் உள்ளன. மகள் என்பதற்காக எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) ச. ரோசம்மாள்