குளியலறைத் தாழ்ப்பாள்

எங்கள் வீட்டுக் குளியலறை ஜன்னலை எந்தக் குளிரிலும் மூடுவதில்லை. மராத்தி பேசும் இந்தக் கோர்படியில் ஜனவரிக் காற்று ஊசியாக இறங்கும். ஆனாலும் திறந்தே கிடக்கும். உள்ளே வெந்நீருக்குக் கேஸ் கீசர் எரியும்போது ஜன்னலை அடைத்தால் வாசனையே இல்லாத விஷக்காற்று சேர்ந்துவிடும். இது ஷீலா ஆன்ட்டியால் எனக்குத் தெரிந்தது.

எதிர்வீட்டு ஷீலா ஆன்ட்டி அப்படி அடைத்துக்கொண்டு குளித்து, மயங்கி விழுந்தார். அவருக்குப் பக்கத்து வீட்டு மீனுதான் கதவைத் தள்ளித் திறந்து அவரை வெளியே இழுத்தாள். அப்பா என்னை அழைத்துப் போய்க் காட்டினார்.

"பாத்துக்கோ. அடுத்தவன் தப்புல படிக்கிறவன்தான் புத்திசாலி. ஸ்கூலதான் விட்டுட்டே, இதையாவது படி."

படித்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்தார். நான், மீனுவின் கையை ஷீலா ஆன்ட்டி விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்தேன். இன்றும் அந்த வீட்டில் எது செய்தாலும் முதல் தட்டு மீனுவுக்குத்தான்.

பள்ளியில் நான் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். அதனால் நின்றுவிட்டேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனால் மாலைவரை பேச ஆள் கிடையாது. மறு வருடம் பார்கவி அக்கா கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்கு வந்தார்.

"ஏங்கண்ணு, வாயில கொழுக்கட்டையா? பேசு. எனக்கும் இந்த ஊர்ல நீதான் ஆளு."

பேசினேன். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வலிக்காது.

டிசம்பரில் ஒருநாள், "ஊருக்கு அந்தக் கோடியில, வாகட்ல ஃப்ளாட் பாத்தாச்சு கண்ணு. பொங்கல் முடிஞ்சதும் போறோம்" என்றார்.

"நான்?"

"நீயென்ன பீரோவா, லாரில ஏத்திட்டுப் போக? போன் பண்ணு."

அவருக்குக் குளிர் ஆகாது. குளியலறை ஜன்னலில் கண்ணாடி இல்லை என்று தினமும் புலம்புவார். நான் அட்டை வெட்டி, இடுக்கு விடாமல் டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். "தங்கம் கண்ணு நீ" என்று கன்னத்தைக் கிள்ளினார். ஷீலா ஆன்ட்டி கதை அவர் வருவதற்கு முன் நடந்தது. நான் சொல்லவில்லை.

அவர் சாகவேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. மயங்கினால் போதும். கதவைத் திறக்க நான் இருந்தேன். அவர் கணவர் ஹரீஷ் அண்ணா ஆபீஸ் போனபின், அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வாளி உருண்டது. கூப்பிட்டேன். பதில் இல்லை. நன்றாக மயங்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் உரித்தேன். பிறகு போய்த் தள்ளினேன்.

மீனு தள்ளிய கதவின் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. இது கெட்டி இரும்பு. நான் ஆட்களைக் கூட்டிவந்து உடைப்பதற்குள் முடிந்துவிட்டது.

"பாவம், ஊருக்குப் புதுசு. தெரியாம அடைச்சிருக்கா" என்றார்கள். அப்பா என் தலையைத் தடவி, "பாத்தியா?" என்றார்.

தவறு என்று பார்த்தால் அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான். அதையும் படித்துக்கொண்டேன்.

இப்போது அந்த வீட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்கள் மகள் வைஷுவுக்கு என் வயதுதான். என்னிடம் நன்றாகப் பேசுகிறாள். கீசர் அதேதான். உடைந்த தாழ்ப்பாளுக்குப் பதிலாக ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். புதிதாக எதுவும் போடவேண்டாம், அதுவே போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

குளிர் வர இன்னும் நாள் இருக்கிறது.